கேள்வி–பதில்: போர் ஒத்திகைக் கருவிகள்

கேள்வி: அமெரிக்க ராணுவத்தின் சிமுலேட்டர் (நிஜம்போல் பழக்கும் பயிற்சிக் கருவி) அமைப்புகள் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் குவிந்தது எப்படி? (கோவை வாசகி)

பதில்: தொடக்கம் நியூயார்க் மாநிலத்தில். பிங்ஹாம்டனில் ஆர்கன் வாத்தியம் செய்யும் குடும்பத்தில் வளர்ந்த எட்வின் லிங்க், ஆர்கனின் காற்றுத் துருத்திகளை வைத்து 1929இல் ஒரு விமானப் பயிற்சிக் கூண்டு செய்தார். ராணுவம் முதலில் சீந்தவில்லை. 1934இல் தபால் விமானங்களை ஓட்டும் பொறுப்பு ராணுவத்திடம் வந்தது. மேகத்துக்குள் மீட்டர்களை மட்டும் பார்த்து ஓட்டப் பழகாத விமானிகள் அடுத்தடுத்து உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகே 6 கூண்டுகள் வாங்கப்பட்டன.

கடற்படையில் 1941இல் லூயிஸ் டி ஃப்ளோரஸ் தொடங்கிய பயிற்சிக்கான சிறப்புக் கருவிப் பிரிவு நியூயார்க்கின் லாங் ஐலண்டில் வளர்ந்து, 1960களில் ஆர்லாண்டோவுக்குக் குடிபெயர்ந்தது. தரைப்படை 1950லேயே அதனுடன் ஒப்பந்தம் செய்திருந்ததால் அதுவும் அங்கேயே வேரூன்றியது. 1992இல் ‘ஸ்ட்ரைகாம்’, 2003இல் ‘பி.இ.ஓ. ஸ்ட்ரை’ என்று தரைப்படை அமைப்பின் பெயர் மாறியது. கருவி வாங்குகிற இரண்டு படைகள் ஒரே ஊரில் இருந்ததால் தயாரிப்பாளர்களும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

கேள்வி: லேசர் போர் ஒத்திகையில் ‘செத்தது’ யார் என்று எப்படித் தெரியும்? ஏமாற்ற முடியாதா? (நெல்லை வாசகர்)

பதில்: ‘மைல்ஸ்’ என்ற அந்த அமைப்பில் துப்பாக்கிக் குழலின் மேல் ஒரு லேசர் பெட்டி இருக்கும். வெற்றுத் தோட்டா வெடித்தால்தான் கதிர் கிளம்பும். எந்த ஆயுதம் சுட்டது என்ற குறியீடும் கதிரிலேயே போகும். அதனால் துப்பாக்கிக் கதிர் பட்டு டாங்கி அழியாது. வீரரின் ஹெல்மெட்டிலும் தோள்வாரிலும் உணரிகள் உண்டு. குறி நூலிழையில் தவறினால் சின்ன ‘பீப்’, பட்டால் நிற்காத ஓசை. பழைய மாதிரியில் அதை நிறுத்த, தன் லேசர் பெட்டியின் மஞ்சள் சாவியை உருவித் தோள்வாரில் செருக வேண்டும். சாவி போனால் துப்பாக்கியும் ஊமை. மறுபடி இயங்க வைக்கும் பச்சைச் சாவி நடுவரிடம் மட்டுமே.

உணரியைத் துணியால் மூடி ஏமாற்றுவது உண்டு. நடுவர் கண்ணில் பட்டால் தப்ப முடியாது. அதைவிட அடிக்கடி வரும் கோளாறு, பெட்டி தளர்ந்து லேசர் ஒரு பக்கமும் குறிப்பார்வை வேறு பக்கமும் போவது. ஒத்திகைக்கு முன் ஒவ்வொரு துப்பாக்கியிலும் இரண்டையும் ஒன்றாக்கி, பெட்டியை இறுக்கி, லென்ஸின் தூசியைத் துடைத்தாக வேண்டும்.

என்னைக் கவலைப்படுத்துவது இன்னொன்று. லேசரை இலை தடுக்கும், தோட்டாவைத் தடுக்காது. புதருக்குப் பின்னால் ‘பிழைத்த’ வீரர் அதையே பாதுகாப்பு என்று பழகிவிடுவார். ஓடுகிறவருக்குச் சற்று முன்னால் குறிவைக்கும் பழக்கமும் இதில் வராது, ஏனென்றால் ஒளி நொடியில் போய்விடும். ஒத்திகை முடிந்ததும் நடக்கும் ஆய்வுக் கூட்டத்தில் பயிற்சியாளர் இவ்விரண்டையும் வாய்விட்டுச் சொல்லியே தீர வேண்டும்.

கேள்வி: வெவ்வேறு ஊர்ச் சிமுலேட்டர்கள் ஒரே போர்க்களத்தில் சேர்வது எப்படி? (சேலம் வாசகர்)

பதில்: 1983இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான தார்ப்பா தொடங்கிய, சிமுலேட்டர்களை இணைக்கும் ‘சிம்நெட்’ வலையமைப்பு காட்டிய வழி இது. 1993இல் அது ‘டிஸ்’ என்ற தரநிலையானது, அதாவது எல்லாரும் பின்பற்றும் பொது விதிமுறை. ஒவ்வொரு டாங்கியும் தன் இடம், வேகம், திசையை அறிவிக்கும். அதை வைத்து மற்ற கணினிகள் அதன் போக்கைத் தாமே கணிக்கும். வழக்கமான அமைப்பில், கணிப்பும் உண்மையும் 1 மீட்டர் விலகினால் புது அறிவிப்பு வரும். அசையாமல் நின்றாலும் 5 விநாடிக்கு ஒன்று. 12 விநாடி செய்தியில்லையென்றால் டாங்கி திரையிலிருந்து நீக்கப்படும். டாங்கிகள் தாவித் தாவி நகர்ந்தாலோ மறைந்தாலோ முதலில் நெட்வொர்க்கில் செய்திகள் தொலைகின்றனவா என்று பாருங்கள். டாங்கி தரைக்கு மேல் மிதந்தால், இரு ஊர்களின் நிலப்பரப்புத் தரவு ஒத்துப்போகவில்லை.