உப்புப் பார்க்க ஒருத்தி

அன்புள்ள அக்காவுக்கு,

நான் கத்தோலிக்கப் பெண். ஊர் திருநெல்வேலிப் பக்கம். கணவர் முஸ்லிம். போன ஜூலையில் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்துகொண்டோம். இருவரும் அவரவர் மதத்திலேயே இருக்கிறோம். மாமியார் வீட்டில்தான் இருக்கிறேன், நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள். இது எனக்கு முதல் ரமலான். நோன்பு பிடி என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வீடே பட்டினி கிடக்கும்போது நான் மட்டும் எப்படிச் சாப்பிடுவது? பிடித்தால் என் விசுவாசத்தை விட்டுக்கொடுத்தது போலாகுமா? பிடிக்காவிட்டால் அந்நியளாகத் தெரிவேனா? அம்மாவோ தினமும் போனில், "உன்ன மாத்திருவாங்களாடி?" என்று கேட்கிறாள். போதாததற்கு நம் தவக்காலமும் இதே நேரத்தில் தொடங்குகிறது. நீங்கள் இந்த வழியில் நடந்தவர் என்பதால் கேட்கிறேன். பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்ததும் 2015 ஜூன் ஞாபகம் வந்துவிட்டது. எனக்கு அதுதான் முதல் ரமலான். தூத்துக்குடியிலிருந்து காயல்பட்டினத்துக்கு, கணவரின் வீட்டுக்குப் போயிருந்தோம். உங்களுக்கு இருக்கும் கேள்விகள் எல்லாம் எனக்கும் இருந்தன. நீங்களாவது கேட்கிறீர்கள். நான் யாரிடமும் கேட்காமல், எல்லோரோடும் சேர்ந்து நோன்பு பிடித்துவிடுவது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஜூன் மாத நோன்பு லேசுப்பட்டதில்லை. விடிகாலை நாலே முக்காலுக்குள் சஹர் சாப்பிட்டு முடித்தால், சாயங்காலம் ஆறரை தாண்டித்தான் ஒரு மிடறு தண்ணீர். மூன்றாவது நாள் அசர் நேரத்தில், அதாவது பிற்பகல் தொழுகை நேரத்தில், காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. மாமி (என் மாமியார்) ஓடிவந்து முகத்தைத் துடைத்து, கருப்பட்டி கரைத்த தண்ணீரைக் குடிக்க வைத்தார்கள். கொஞ்சம் தெளிந்ததும் கேட்டார்கள்: "யாருக்காவ நோன்பு புடிச்சே புள்ள?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உங்களுக்காகத்தான் மாமி, நல்ல மருமகள் என்று நீங்கள் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான். இதை எப்படி அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வது?

உங்கள் மாமியார் நோன்புக்கு நிய்யத் (மனதில் வைக்கும் எண்ணம்) வைப்பதை நீங்களும் கேட்டிருப்பீர்கள், அல்லது இனிமேல் கேட்பீர்கள். அரபியில் சொல்லிவிட்டுத் தமிழிலும் சொல்வார்கள்: ரமலான் மாதத்து பர்ளான (கட்டாயக் கடமையான) நோன்பை நாளைக்குப் பிடிக்க அல்லாஹ்வுக்காக நிய்யத் செய்கிறேன் என்று. அந்த எண்ணம் மனதில் இல்லாவிட்டால், எத்தனை மணி நேரம் பட்டினி கிடந்தாலும் அது நோன்பில் சேராது. அவர்கள் மார்க்கமே அப்படிச் சொல்கிறது. நம் ஆண்டவர் சொன்னதும் வேறில்லை. மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில், நோன்பு இருக்கும்போது முகத்தைக் கழுவிக்கொள், மனிதர் பார்க்க வேண்டும் என்று இருக்காதே என்கிறார். நான் இருந்ததோ மனிதர் பார்க்க இருந்த நோன்பு. இரண்டு கணக்கிலும் அது சேரவில்லை.

அதனால் என் பதில் இதுதான்: மற்றவர்களுக்குக் காட்டுவதற்காகப் பிடிக்காதீர்கள். என்றைக்காவது உங்கள் மனசே கேட்டு, உங்கள் தேவனை நினைத்து ஒருநாள் அவர்களோடு பசித்திருந்தால், அதில் விசுவாசத்துக்கு எந்தக் குறையும் வராது.

சரி, பிடிக்காவிட்டால் அந்த வீட்டில் உங்கள் இடம் என்ன? எனக்கு அந்த இடம் மறுநாளே கிடைத்தது. நோன்புக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், தட்டிப் போட்ட பூண்டு, கறி எல்லாம் வெந்து, ரம்பை இலை வாசம் தெருவரைக்கும் போகிறது. தேங்காய்ப்பால் ஊற்றும் நேரம். அடுக்களையில் இருந்த அத்தனை பெண்களும் நோன்பாளிகள், யாரும் நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. காலங்காலமாகக் கைப்பழக்கத்தில்தான் உப்புப் போட்டு வந்திருக்கிறார்கள். மாமி அகப்பையில் கொஞ்சம் எடுத்து, ஊதி, என் உள்ளங்கையில் விட்டார்கள். "நீதான் இருக்கியே, உப்புப் பாரு."

அரைக் கல் உப்பு குறைந்தது. சொன்னேன். போட்டார்கள். அன்றிலிருந்து இன்றுவரை நோன்பு மாதத்தில் உப்புப் பார்ப்பது என் வேலை. அந்த அடுக்களையில் நோன்பு பிடிக்காத ஒருத்திக்கென்றே அமைந்த வேலை அது.

பகலில் சாப்பிடுவதை நினைத்தும் கூச்சப்பட வேண்டாம். பெண்கள் நிறைய இருக்கும் வீட்டில் யாராவது ஒருவர் நோன்பில்லாமல்தான் இருப்பார். மாதவிடாய் நாளில் நோன்பு கூடாது, விட்ட நாட்களைக் கணக்கு வைத்து, பிறகு நோன்பு பிடித்து ஈடுசெய்ய வேண்டும்; அதைக் களா என்பார்கள். பயணத்தில் இருப்பவர்களுக்கும், முடியாதவர்களுக்கும், பால் கொடுப்பவர்களுக்கும் சலுகை உண்டு. என் மைனியும் நானும் அடுக்களைக் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, பழைய சோறும் ஊறுகாயுமாக எத்தனையோ மத்தியானங்கள் பேசித் தீர்த்திருக்கிறோம். எங்களுக்குள் இருக்கும் நெருக்கத்துக்குப் பாதிக் காரணம் அந்தச் சோறு.

தவக்காலத்துக்கு வருகிறேன். பிறைக் கணக்கில் வருஷம் பத்துப் பதினோரு நாள் குறைவு, அதனால் ரமலான் முன்னால் நகர்ந்துகொண்டே வருகிறது. 2025-இல் மார்ச் 2 முதல் நோன்பு, மார்ச் 5 திருநீற்றுப் புதன். அன்று சாயங்காலப் பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு நேராக நோன்பு திறக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன். அழித்துவிட்டு உள்ளே போகலாமா என்று வாசலில் ஒரு நிமிஷம் நின்றேன். அழிக்கவில்லை. மாமி பார்த்துவிட்டு, "ஒங்களுக்கும் நோன்பு தொடங்கியாச்சா?" என்று கேட்டு, பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்கள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அடுப்பில் இரண்டு பாத்திரங்கள் இருந்தன. சின்னதில் கறி போடாத கஞ்சி. வெள்ளிக்கிழமை நான் இறைச்சி தொடுவதில்லை என்று எப்போதோ சொன்னதை மறக்காமல் வைத்திருக்கிறார்கள். 2026-இல் உங்களுக்குத் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 18, நோன்பும் அதையொட்டியே வருகிறது. உங்கள் தவத்தை ஒளித்து வைக்காதீர்கள். நோன்பின் அருமை தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கிறீர்கள், அவர்களுக்கு அது புரியும்.

பேரீச்சம்பழம் என்றதும் இன்னொன்று. குர்ஆனில் 19-ஆம் அத்தியாயத்தின் பெயரே மர்யம், நம் மாதா மரியாள்தான். பிரசவ வேதனையில் மர்யம் ஒரு பேரீச்ச மரத்தடியில் ஒதுங்குகிறார். மரத்தை உலுக்கு, பழம் விழும், உண்டு பருகிக் கண் குளிர்ந்திரு என்று ஆறுதல் வருகிறது. யாராவது கேட்டால் இறைவனுக்காக நோன்பு நேர்ந்திருக்கிறேன், இன்று யாரோடும் பேசமாட்டேன் என்று சொல்லச் சொல்கிறது. பேசாமல் இருப்பதே அவருடைய நோன்பு. பனிமய மாதா கோயில் மணியோசையில் வளர்ந்தவள் நான். நம் மாதா பிள்ளை பெற்ற களைப்பில் பழம் தின்ற காட்சியை மாமி வாயால் கேட்ட அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்காக எல்லாம் ஒன்றுதான் என்று உங்களைத் தேற்ற மாட்டேன். நம் இயேசுவை ஈசா நபி என்று அவர்கள் உயிராக மதிக்கிறார்கள், ஆனால் இறைமகன் என்று ஏற்பதில்லை. சிலுவைச் சாவையும் ஏற்பதில்லை. பெரிய வெள்ளியன்று அந்த வீட்டில் நான் தனிதான். வருஷத்துக்கு ஒருநாள் அந்தத் தனிமை வலிக்கும், உங்களுக்கும் வலிக்கும். என் கணவர் கோயில் வாசல்வரை வண்டியில் கொண்டுவிட்டு, சிலுவைப்பாதை முடியும்வரை வெளியே வேப்பமரத்தடியில் காத்திருப்பார். அவரால் முடிந்தது அது. நான் அதைக் குறைவாக நினைத்ததில்லை.

அம்மாவின் பயத்துக்கு உங்கள் திருமணப் பதிவிலேயே பாதிப் பதில் இருக்கிறது. 1954-இன் அந்தச் சட்டப்படி மணந்துகொள்ள யாரும் மதம் மாற வேண்டியதில்லை. உங்கள் இருவருடைய சொத்துரிமையும் உங்கள் பிள்ளைகளுடைய சொத்துரிமையும் 1925-இன் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அமையும். இதை அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

மீதிப் பாதிக்கு, அம்மாவை ஒருநாள் நோன்பு திறக்கக் கூப்பிடுங்கள். முதல் தடவையே வரவில்லை என்றால் மனம் விட்டுவிடாதீர்கள். என் அம்மா வர ஆறு வருஷம் ஆனது. வந்த அன்றும் சுவரோரமாக, பையை மடியில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். மாமி அவள் கையில் ஒரு பேரீச்சம்பழத்தைக் கொடுத்து, "நீங்க சாப்பிடுங்க மைனி, ஒங்களுக்கென்ன" என்றார்கள். பாங்கு சொல்ல இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. அம்மா தின்னவில்லை. பழத்தை உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டு, மற்றவர்களைப் போலவே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்புடன்,
அக்கா