பலூனை வையுங்கள், ரப்பர் பட்டையை எடுங்கள்

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டிலேயே டியூஷன் நடத்துகிறேன். "ஈர்ப்பு எல்லாத்தையும் உள்ளேதானே இழுக்கும்? அப்புறம் பிரபஞ்சம் எப்படி டீச்சர் ஊதிப் பெருத்துச்சு?" என்று படிவம் 5 மாணவி கேட்டுவிட்டாள். பலூனை ஊதிக் காட்டினேன், முகம் தெளியவில்லை. எப்படிச் சொல்வது?

பதில்: தெளியாததில் நியாயம் இருக்கிறது. பலூனைப் பெருக்க வைப்பது காற்றின் அழுத்தம். ஐன்ஸ்டீன் கணக்கிலோ அழுத்தமும் சேர்ந்து இழுக்கும்: அடர்த்தியோடு அழுத்தத்தின் மூன்று மடங்கைக் கூட்ட வேண்டும். ஆகவே பிரபஞ்சம் வேகமெடுத்து வீங்க நெகட்டிவ் அழுத்தம் தேவை.

அதைத் தருவதுதான் ஸ்கேலார் புலம். தோட்டத்தில் எங்கே நின்றாலும் வெப்பநிலைக்கு ஓர் எண் உண்டு, திசை கிடையாது. வெளியெங்கும் அப்படி எண் நிரம்பியிருப்பதே இந்தப் புலம். 2012-இல் செர்ன் என்ற ஐரோப்பியத் துகள் ஆய்வுக்கூடத்தில் பிடிபட்ட ஹிக்ஸ் துகளின் புலம் இந்த இனம்தான்.

வாயு விரிந்தால் நீர்த்துப்போகும். ஆற்றல் மேட்டில், அதாவது ஆற்றல் அதிகமான நிலையில், நிற்கும் புலம் நீர்க்காது. இடம் இரட்டித்தால் மொத்த ஆற்றலும் இரட்டிக்கும். ரப்பர் பட்டையை அவள் கையில் கொடுத்து இழுக்கச் சொல்லுங்கள். நீள நீள ஆற்றல் சேரும், விரலை உள்ளே இழுக்கும். அந்த இழுவிசைதான் நெகட்டிவ் அழுத்தம். புலத்தில் அது அடர்த்திக்குச் சமம், குறி மட்டும் எதிர். பலகையில் எழுதுங்கள்: 1 − 3 = −2. குறி மாறியதும் ஈர்ப்பு தள்ள ஆரம்பிக்கிறது. (பட்டை தள்ளுவதில்லை, தள்ளுவது அந்த இழுவிசை உண்டாக்கும் ஈர்ப்பு. இங்கேதான் பிள்ளைகள் குழம்புவார்கள்.)

சரி, இந்த வீக்கம் எவ்வளவு நேரம்? பிரபஞ்சத்தின் தொடக்க வீக்கத்துக்கு (inflation) 1981-இல் இயற்பியலாளர் ஆலன் கூத் சொன்ன முதல் வடிவத்தில் அது ஒழுங்காக முடியவே வழியில்லை. மறுவருடம் இயற்பியலாளர் லிண்டேயும், தனியாக ஆல்பிரெக்ட், ஸ்டைன்ஹார்ட் இருவரும் மேட்டைச் சாய்வாக்கினார்கள். சீவிய பால் மரத்தில் (ரப்பர் மரத்தில்) பால் கோட்டு வழியே மெல்ல இறங்கி மங்குக்கு, பால் பிடிக்கும் கிண்ணத்துக்கு, வருமே, அப்படி. புலத்தை விரைய விடாமல் பிடிப்பது விரிவேதான். புலம் இறங்கி முடிப்பதற்குள், நொடியின் மிகச் சிறு துணுக்கில், நீளங்கள் ஏறக்குறைய 10²⁶ மடங்காகிவிடும். மங்குக்கு வந்த புலம் ஆடி, துகள்களாகச் சிதைந்து, பிரபஞ்சத்தைச் சூடாக்கும்.

புலத்தை வெளியின் வளைவோடு நேரடியாகப் பிணைப்பதும் உண்டு. 2008-இல் இயற்பியலாளர்கள் பெஸ்ருகோவும் ஷபோஷ்னிகோவும் ஹிக்ஸ் புலத்தை அப்படிப் பிணைத்ததும், செங்குத்தான மேடு தட்டையாகிவிட்டது. படிவம் 5-க்கு இது வேண்டாம். −2 வரை போதும். "வீங்க வைத்த புலம் எது டீச்சர்?" என்று அடுத்துக் கேட்டால், இன்னும் பிடிபடவில்லை என்று சொல்லிவிடுங்கள்.