கைகுலுக்கவும் கட்டணமா?

கேள்வி: அபிமானப் பாடகரை நேரில் சந்திக்க, நுழைவுச்சீட்டின் விலையைப்போலப் பல மடங்கு தனிக் கட்டணம் கேட்கிறார்களே, ரசிகர்கள் அதைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன்; யார் கேட்கிறார்கள் என்பதைத்தான் பார்ப்பேன். 1999-இல் நாப்ஸ்டர் என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் வந்து பாடல்கள் இணையத்தில் இலவசமாகப் பரிமாறப்படத் தொடங்கிய பின் இசைத்தட்டு விற்பனை சரிந்தது. இன்று ஸ்ட்ரீமிங் தளங்களில் ஒரு பாடலை ஒருமுறை கேட்டால் கலைஞருக்குக் கிடைப்பது மிகச் சொற்பம். ஆகவே, பயணச் செலவுக்கே திண்டாடும் சிறிய இசைக்குழு, நிகழ்ச்சிக்கு முந்தைய ஒலிச் சோதனையைப் பார்க்க அனுமதித்து, ரசிகர்களுடன் நிதானமாக உட்கார்ந்து பேசி, அதற்குப் பணம் பெறுவது முற்றிலும் நியாயம் என்றே கருதுகிறேன்.

பெரும் அரங்குகளை நிரப்பும் நட்சத்திரங்களின் கதை வேறு. நீண்ட வரிசை, பின்னால் விளம்பரத் திரை, தரையில் ஒட்டிய நாடாவின் மேல் நிற்கச் சொல்லும் ஊழியர், ஒரு புகைப்படம், உடனே 'அடுத்தவர் வாருங்கள்'. ஆண்டுக்கணக்கில் சொல்ல நினைத்திருந்த வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. கொரிய பாப் இசையுலகிலோ, ஆல்பம் வாங்கியவர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துக் கையெழுத்து நிகழ்ச்சிக்கு அழைக்கும் வழக்கம் இருப்பதால், ஒரே ஆல்பத்தைப் பல பிரதிகள் வாங்கியும் வாய்ப்புக் கிட்டாமல் போகிறவர்கள் உண்டு. பதின்வயதினரின் அன்பை இப்படிச் சூதாட்டமாக்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

பணம் கட்டுவதென்று முடிவு செய்தால், எத்தனை பேர், எவ்வளவு நேரம், சந்திப்பு ரத்தானால் தொகை திரும்பக் கிடைக்குமா என்பவற்றை முன்பே எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கி மட்டும் கட்டாதீர்கள்.