வாசகர் கேள்வி: காம்பியாவின் கோராவும் கல்வட்டங்களும்

கேள்வி: மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள காம்பியாவில் கோரா என்னும் இசைக்கருவியைக் குறிப்பிட்ட சில குடும்பத்தாரே வாசித்து வந்ததாகப் படித்தேன். அது ஏன்?

பதில்: 1965இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற காம்பியா, ஆற்றின் இரு கரைகளையும் ஒட்டி ஒடுங்கி நீளும் நாடு, ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் இதைவிடச் சிறிய நாடு வேறில்லை. அங்கே பெரும் எண்ணிக்கையில் வாழும் மண்டிங்கா மக்களிடையே, இசையும் வரலாறும் 'ஜாலி' எனப்படும் பரம்பரைக் கலைஞர்களின் பொறுப்பில் இருந்து வந்துள்ளன. 13ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாத்தாவின் வரலாறு, அரச குலங்களின் வம்சாவளி, போர்கள், உடன்படிக்கைகள் ஆகியவற்றை ஏட்டில் எழுதாமல் மனத்தில் ஏற்றி, அடுத்த தலைமுறைக்குப் பாடிக் கொடுத்தவர்கள் இவர்களே. பெயர்சூட்டு விழாவிலும் திருமணத்திலும் ஒரு குடும்பத்தின் முன்னோரைப் பெயர் சொல்லிப் பாடுவதும், பகை மூண்ட இரு வீட்டாருக்கிடையே சமரசம் பேசுவதும் ஜாலியின் கடமைகள். ஆகவே கோரா வாசிப்பது அவர்களுக்கு வெறும் கலைத்திறன் அன்று. ஊரார் நம்பி ஒப்படைத்த பணி. ஜோபர்தே, கோண்டே, சூசோ போன்ற குடும்பங்கள் அதைத் தம் உரிமையாகக் காத்தது இதனால்தான்.

பெரிய சுரைக்குடுக்கையைப் பாதியாக வெட்டி, மாட்டுத்தோல் போர்த்தி, நீண்ட மரத்தண்டைச் செருகி, 21 தந்திகளை இரு வரிசைகளாகக் கட்டினால் கோரா உருவாகிறது. முன்பு தோலை முறுக்கித் தந்தி செய்தார்கள்; இப்போது நைலான் மீன்பிடி நரம்பே போதுமானதாகிவிட்டது. இரு கைகளின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டுமே மீட்டுகின்றன என்றாலும், அடிநாதமும் மெட்டும் அதன்மேல் விரையும் சங்கதிகளும் ஒரே வேளையில் ஒலிப்பதைக் கேட்பவர், வாசிப்பவர் ஒருவர்தான் என்பதை எளிதில் நம்பமாட்டார்.

ஜாலி குடும்பங்களில் பெண்கள் பாடுவார்கள். கோரா ஆண்களிடமே இருந்தது. அந்த மரபைத் தாண்டி, தொழில்முறைக் கோரா கலைஞராக உலகறியப் பெயர் பெற்றவர் சோனா ஜோபர்தே. புகழ்பெற்ற கலைஞர் அமது பன்சாங் ஜோபர்தேயின் பேத்தியான அவர், காம்பியாவில் ஒரு பள்ளியையும் நிறுவியிருக்கிறார். மரபு உயிரோடிருப்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

கேள்வி: எல்லாமே பாடலில்தான் உள்ளதா, அல்லது தொன்மையான சின்னங்களும் அங்கு உண்டா?

பதில்: உண்டு. வாசு, கெர்பாட்ச் ஆகிய இடங்களில் செம்புரைக்கல்லைச் செதுக்கி வட்டமாக நட்ட தூண்கள் நிற்கின்றன. இவை இடுகாடுகளைச் சார்ந்தவை, கி.மு. 3ஆம் நூற்றாண்டுக்கும் கி.பி. 16ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட நெடுங்காலத்தில் எழுந்தவை. இத்தனை அரசர்களின் கதையைக் காத்த நாட்டில், இக்கற்களை நட்டவர்கள் யாரென்பது மட்டும் இன்னும் உறுதிப்படவில்லை. செனகலில் உள்ள சின் ங்காயேன், வனார் ஆகிய தொகுதிகளோடு சேர்த்து, 2006இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவ்விரு நாடுகளைப் பிரிக்கும் எல்லை 1889இல் பிரிட்டனும் பிரான்சும் தமக்குள் பேசி வகுத்தது. கற்களை எழுப்பிய மக்களுக்கு அப்படியொரு கோடே இருந்ததில்லை என்பதால், இரு நாடுகளும் இணைந்து இந்தப் பாரம்பரியத்தைக் காப்பதே முறை.