சின்னக் கம்பெனி, மருத்துவ ஆராய்ச்சி, அரசுப் பணம்: வடசென்னைக் கேள்விகளுக்குப் பதில்

மருத்துவக் கருவியோ பரிசோதனைக் கிட்டோ உருவாக்கப் பார்க்கும் சின்னக் கம்பெனிகளுக்கு அரசு தரும் நிதியைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பெரியமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் கேள்வி வந்து குவிந்திருக்கிறது. ஒரே மாதிரி கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் பயோமெடிக்கல் படித்தவள். இந்த மாதிரி விண்ணப்பங்களைப் படித்துத் திருத்திக் கொடுப்பதுதான் வேலை.

பெரியமேடு: அக்கா, தாத்தா காலத்துலேர்ந்து எங்களுக்குச் செருப்பு வேலை. சுகர் பேஷண்டுக்கு எம்சிஆர் செருப்பு (மெத்துன்னு இருக்கிற நுண்துளை ரப்பர் வச்சது) செஞ்சு தர்றோம். உள்ள வைக்கிற மெத்தைய இப்போ புதுசா ஒண்ணு பண்ணியிருக்கேன், பாதத்துக்கு அழுத்தம் கம்மியா வருது. பைராக்ல ஐம்பது லட்சம் தர்றாங்களாமே, எனக்குக் கிடைக்குமா?

கிடைக்க வழி இருக்கிறது தம்பி. ஆனால் செருப்பு செய்வதற்குக் கிடைக்காது. எம்சிஆர் செருப்பு ஏற்கெனவே ஊருக்குத் தெரிந்த பொருள். உங்கள் மெத்தையைப் பற்றி இன்னும் யாருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறதே, அதைக் கண்டுபிடிக்கத்தான் பணம்.

பைராக் என்பது மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2012-ல் தொடங்கிய நிறுவனம். நீங்கள் கேள்விப்பட்டது அதன் 'பிக்' மானியம். அதிகபட்சம் 50 லட்சம், 18 மாதம் வரை. ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும் அழைப்பு வரும்.

"அழுத்தம் கம்மியா வருது" என்கிறீர்கள். எவ்வளவு கம்மி? எதோடு ஒப்பிட்டு? யார் காலில், எத்தனை மாதம் போட்டு நடந்த பிறகு? இந்த நாலுக்கும் இன்றைக்குப் பதில் இல்லை என்றால் பயப்பட வேண்டாம், அதுதான் உங்கள் ஆராய்ச்சி. பாதத்தில் புண் வந்து ஆறியவர்களுக்கு மறுபடி வராமல் இருக்க, செருப்புக்குள் உச்ச அழுத்தம் 200 கிலோபாஸ்கலுக்கு (அழுத்தத்தை அளக்கும் அலகு) கீழே இருக்கணும், இல்லாவிட்டால் முன்பிருந்ததைவிட 30 சதவீதமாவது குறையணும் என்று சர்வதேச நீரிழிவுப் பாத வழிகாட்டுதல் சொல்கிறது. அதை உங்கள் இலக்காக எழுதுங்கள். "வலி இல்லாமல் நடப்பார்கள்" என்று எழுதினால் படிப்பவர் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார்.

வேலையை மூன்றாகப் பிரிக்கலாம். முதலில் மெத்தையை மட்டும் அமுக்கி அமுக்கிப் பார்ப்பது: ஆயிரக்கணக்கான தடவை அமுங்கிய பிறகும் அதே அளவு எழும்புகிறதா? அடையாறு சிஎல்ஆர்ஐ-யில் (மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம்) காலணிக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள். அடுத்தது, அழுத்தம் அளக்கும் சென்சார் தகட்டைச் செருப்புக்குள் வைத்துச் சிலரை நடக்க விட்டு அளப்பது. மூன்றாவதுதான் நோயாளிகள். அதற்கு டாக்டர் ஒருவர் கூட்டாளியாக வேண்டும். உங்களுக்கு அது சுலபம். ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்தில்தான், சர்க்கரை நோய்க்கென்றே 1954-லிருந்து நடக்கும் ஆஸ்பத்திரி ராயபுரத்தில் இருக்கிறது. ஆனால் டாக்டரிடம் செருப்பை நீட்டி "சர்டிபிகேட் கொடுங்க சார்" என்று நிற்காதீர்கள். எந்த மாதிரிப் புண் திரும்பத் திரும்ப வருகிறது, இப்போது கொடுக்கும் செருப்பை நோயாளிகள் ஏன் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள் என்று கேளுங்கள். வீட்டுக்குள்ளே செருப்புப் போடும் பழக்கம் நம் வீடுகளில் இல்லை. என்னைக் கேட்டால் மெத்தையை விட அந்தச் சிக்கல்தான் பெரிது. விண்ணப்பத்தில் அதைத் தொட்டாலே உங்களுக்கு விஷயம் தெரியும் என்று புரிந்துவிடும்.

நோயாளியைத் தொடுவதற்கு முன் ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழு அனுமதி கட்டாயம். சிகிச்சைச் சோதனை என்றால் முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே சிடிஆர்ஐ என்ற இந்தியச் சிகிச்சைச் சோதனைப் பதிவேட்டில் பதிய வேண்டும். இதற்கு ஆகும் மாதங்களையும் 18-க்குள்ளேயே அடக்கித் திட்டம் போடுங்கள்.

வியாசர்பாடி: நம்மகிட்ட பிளாஸ்டிக் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் ஷெட் இருக்கு. சிரிஞ்ச் பாகம் அடிக்க ரெண்டு மெஷின் வாங்கணும். இந்த மானியத்துல போடலாமா?

முடியாதுங்க. அது உற்பத்தி, ஆராய்ச்சி இல்லை. மெஷினுக்கு மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். முதல் தலைமுறைத் தொழில்முனைவோராக இருந்து, படிப்பு, வயது நிபந்தனைகளும் பொருந்தினால் தமிழக அரசின் 'நீட்ஸ்' திட்டத்தில் 25 சதவீத மானியம், உச்சவரம்பு 75 லட்சம். மீதி வங்கிக் கடன்.

கொளத்தூர், கடைசி வருட மாணவிகள் இருவர்: மேம், எங்களுக்குக் கம்பெனியே இல்லை. கர்ப்பிணிகளுக்கு ரத்தசோகை இருக்கான்னு ஊசி குத்தாமப் பார்க்கிற கருவி, ப்ரெட்போர்டுல (சர்க்யூட்டைச் சோதிச்சுப் பார்க்கிற பலகை) ஓடுது. எங்கே தொடங்கலாம்?

சின்னதில் தொடங்குங்கள்மா. தமிழக அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் கிண்டியில் இருக்கிறது. அவர்களின் புத்தாக்க வவுச்சரில் முதல் வகை 2 லட்சம் வரை, யோசனையை நிரூபிக்க. இரண்டாம் வகை 5 லட்சம் வரை. மத்திய அரசின் 'நிதி பிரயாஸ்' முன்மாதிரி செய்ய 10 லட்சம் வரை தரும், அது இன்குபேட்டர்கள் (புதுக் கம்பெனிகளுக்கு இடமும் வழிகாட்டலும் தரும் மையங்கள்) வழியாக வரும். பிக் மானியத்துக்குத் தனிநபரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் ஏதாவது ஒரு இன்குபேட்டரில் இடம் பிடித்திருந்தால் நல்லது. சிறுசேரி மகளிர் உயிரித் தொழில்நுட்பப் பூங்கா, ஐஐடி, வண்டலூர் கிரசென்ட் எல்லாமே தெற்கே இருக்கின்றன. கொளத்தூரிலிருந்து போய்வருவது கஷ்டம்தான், வடக்கே இப்படி ஒன்று இல்லையே என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு.

தொழில்நுட்பத்தில் ஒன்று. ஊசி குத்தாமல் ஹீமோகுளோபின் பார்க்கும் கருவிகள் சந்தையில் ஏற்கெனவே உண்டு. "எங்களுடையது மலிவு" என்பது மட்டும் போதாது. உங்கள் கருவி ஆய்வக அளவிலிருந்து டெசிலிட்டருக்கு எத்தனை கிராம் விலகுகிறது என்று சொல்லணும். கருமையான தோலிலும், குறிப்பாக ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே போன தாய்மாரிடமும் விலகல் என்ன என்று தனியாகக் காட்டணும். தவறு உயிரை வாங்கும் இடம் அது.

ராயபுரம், லேப் நடத்துபவர்: மச்சான் நியூஜெர்சியில இருக்கான். அங்க என்ஐஎச்-னு அரசு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் சின்னக் கம்பெனிக்கெல்லாம் கோடிக்கணக்குல தருதாம். அவன் பேர்ல கம்பெனி போட்டு வேலையை இங்க செய்யலாமா?

நீங்கள் சொல்வது எஸ்பிஐஆர், சின்னக் கம்பெனிகளுக்கான ஆராய்ச்சி நிதித் திட்டம். அமெரிக்காவில் 1982-ல் சட்டமாக வந்தது. வெளியே ஆராய்ச்சிக்கு ஆண்டுக்குப் பத்து கோடி டாலருக்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு துறையும் அதில் 3.2 சதவீதத்தைச் சின்னக் கம்பெனிகளுக்கு ஒதுக்கணும் என்பது விதி. முதல் கட்டம் சாத்தியமா என்று பார்க்க, இரண்டாம் கட்டம் உருவாக்க. கடனும் இல்லை, பங்கும் கேட்பதில்லை. ஆனால் கம்பெனி லாப நோக்கில் அமெரிக்காவில் இயங்கணும், பாதிக்கு மேல் பங்கு அந்நாட்டுக் குடிமக்களிடமோ அங்கே நிரந்தரமாக வசிக்க அனுமதி உள்ளவர்களிடமோ இருக்கணும், ஆட்கள் 500-க்கு மேல் போகக்கூடாது. ஆராய்ச்சியையும் அங்கேயே செய்யணும். பெயர்ப்பலகை நியூஜெர்சியில், லேப் வேலை ராயபுரத்தில் என்றால் மச்சானுக்குத்தான் வம்பு. நம் நாட்டிலேயே இதே போல 'எஸ்பிஐஆர்ஐ' என்று உயிரித் தொழில்நுட்பத் துறை 2005-ல் தொடங்கியது, அதைப் பாருங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை, சித்த மருத்துவர்: சர்க்கரையை அடியோடு குணமாக்கும் எங்கள் பரம்பரைச் சூரணத்துக்கு நிதி உண்டா?

ஐயா, முதலில் "குணமாக்கும்" என்று நோட்டீஸ் அடிப்பதை நிறுத்துங்கள். 1954-ஆம் ஆண்டு ஆட்சேபகர விளம்பரச் சட்டத்தின் பட்டியலில் நீரிழிவு இருக்கிறது. சூரணம் உண்மையிலேயே வேலை செய்யும் என்று நம்பினால், அரும்பாக்கத்தில் மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அவர்களோடு சேர்ந்து ஆய்வாகச் செய்யுங்கள்.

பலர் கேட்டது: பணம் கொடுத்துட்டுக் கம்பெனியில பங்கு கேப்பாங்களா?

பிக் மானியத்தில் கேட்பதில்லை, கண்டுபிடிப்பின் உரிமையும் உங்களுடையதே. தமிழக அரசின் டான்சீட் என்ற தொடக்க நிதி 10 லட்சம் வரை தரும், பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு 15 லட்சம் வரை. அதில் 3 சதவீதப் பங்கு உண்டு. பைராக்கின் 'சீட்' நிதியும் பங்குக்கு எதிராகத்தான்.

தண்டையார்பேட்டை: "உள்ளே ஆள் இருக்கு, பத்து சதவீதம் கொடுத்தா வாங்கித் தர்றேன்"னு ஒருத்தர் சுத்துறார்.

அவரை அனுப்பிவிடுங்கள்.

திருவொற்றியூர்: மேடம், போன வருஷம் ஒரு மானியம் கிடைச்சுது. முதல் தவணையோட நிக்குது. ஏன் இழுத்தடிக்கிறாங்க?

இதில்தான் பலரும் மாட்டுகிறார்கள். மானியம் தவணையாகத்தான் வரும். ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் ஒப்புக்கொண்ட மைல்கல் (முடித்துக் காட்டுகிறேன் என்று நீங்கள் எழுதிய கட்டம்) முடிந்திருக்கணும், செலவுக் கணக்கு போயிருக்கணும். மானியப் பணத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்தீர்களா? கடை வாடகையும் கரண்ட் பில்லும் அதே கணக்கிலிருந்து போயிருந்தால் பிரித்துக் காட்டவே ஆடிட்டருக்கு மாதக் கணக்காகும். பயன்பாட்டுச் சான்றிதழ் மத்திய அரசு நிதி விதிகளின் ஜிஎப்ஆர் 12-ஏ படிவத்தில் இருக்கணும், ஆடிட்டர் தன் லெட்டர்ஹெட்டில் எழுதித் தருவது செல்லாது. ஆள் சம்பளத் தலைப்பில் மிச்சமானதைக் கெமிக்கலுக்குச் செலவழித்திருந்தால், முன்கூட்டி அனுமதி வாங்கினீர்களா என்பது அடுத்த கேள்வி. மைல்கல் தோற்றுவிட்டால் அதையும் அப்படியே எழுதுங்கள். சோதனை எதிர்பார்த்த முடிவைத் தரவில்லை என்பதற்காகப் பணத்தைத் திருப்பிக் கேட்கமாட்டார்கள். மறைத்தால் கேட்பார்கள்.

மூலக்கடை: எங்க நெபுலைசர் மாஸ்க் மாடலை நாலு பேஷண்டுக்கு மட்டும் கொடுத்துப் பார்த்துட்டு அப்புறம் லைசென்ஸ் பார்க்கலாமா?

வேண்டாம். 2017 மருத்துவக் கருவி விதிகளின்படி சோதனைக்குத் தயாரிக்கவே எம்டி-13 உரிமம் வேண்டும். கருவிகள் ஏ, பி, சி, டி என்று ஆபத்துக்கு ஏற்ப நாலு வகுப்பு. ஏ, பி தயாரிப்பு உரிமம் மாநிலத்தில், சி, டி மத்தியில். எந்த வகுப்பு, என்ன சோதனை என்று குழப்பமாக இருந்தால் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2023 டிசம்பரில் தொடங்கிய 'மெட்டெக் மித்ரா' தளத்தில் பதிந்து கேளுங்கள்.

பெரம்பூர்: ஜூலை அழைப்புக்கு இப்போ ஆரம்பிச்சா முடியுமா? இங்கிலீஷ் வேற தடுக்குது.

முடியும். முதலில் தமிழிலேயே ஒரு பக்கம் எழுதுங்கள்: யாருக்கு என்ன கஷ்டம், இப்போது என்ன செய்கிறார்கள், உங்களுடையது எதில் மாறுபடுகிறது, அதை எந்த அளவால் நிரூபிப்பீர்கள். அதை டாக்டரிடமும், உங்கள் பொருளை விலை கொடுத்து வாங்கப்போகும் ஆளிடமும் படிக்கக் கொடுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளை ஓரத்தில் குறித்து எனக்கு அனுப்புங்கள். ஆங்கிலத்தில் மாற்ற நான் ஆள் சொல்கிறேன்.