சோலார் போட்டால் மாட்டும் 'நெட் மீட்டர்' என்பது என்ன?

இரண்டு பக்கமும் எண்ணுகிற மீட்டர், அவ்வளவுதான். மின்வாரிய லைனிலிருந்து நாம் எடுத்த யூனிட் ஒரு கணக்கு, நம் மாடி பேனலிலிருந்து அந்த லைனுக்குப் போன யூனிட் இன்னொரு கணக்கு. மீட்டர் திரையில் இரண்டு எண்களும் மாறி மாறி வரும். கழித்தது போக மிச்சமுள்ள யூனிட்டுக்குத்தான் கட்டணம்.

இது ஏன் தேவை? மதுரை வெயிலில் 1 கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். ஆனால் அது பொங்கி வருவது வீட்டில் ஆளில்லாத மத்தியான நேரத்தில். நமக்கு ஃபேனும் ஏசியும் ஓடுவது ராத்திரியில். காலையில் மிஞ்சின தோசை மாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, நமக்குத் தேவைப்படும்போது அதே கிண்ணம் மாவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோமே, அந்த மாதிரி.

2024-இல் தொடங்கிய பிஎம் சூர்யா கர் திட்டத்தில் வீடுகளுக்கு மத்திய அரசு மானியம் உண்டு: 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேற்பட்டதற்கும் மொத்தம் 78,000. பேனல் மாட்டி முடித்த பிறகே வங்கிக் கணக்கில் வரும் என்பதால், முன்பணத்துக்கு வழி பார்த்துக்கொள்வது நல்லது. கடைகளுக்கு இந்த மானியம் கிடையாது.

அப்புறம், 'சோலார் இருந்தால் கரன்ட் போகாது' என்று பலர் நம்புகிறார்கள். பேட்டரி இல்லாத அமைப்பு மின்தடையின்போது தானாக நின்றுவிடும், கம்பத்தில் ஏறி வேலை செய்பவர் மேல் நம் மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காக.