சுருட்டுக்கு ஏற்ற இடம்

கேள்வி: நல்ல ஹவானா சுருட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி? அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா?
— வாசகர், சென்னை

பதில்: சுருட்டின் வெளிப்புறத்தைச் சுற்றியுள்ள மேலிலை மெல்லிய எண்ணெய்ப் பளபளப்புடன் இருக்க வேண்டும்; விரலால் மெதுவாக அழுத்தினால் சுருட்டு சற்றே அமுங்கி மீள வேண்டும், இடையில் கட்டி தட்டுப்பட்டால் புகை சீராக வராது.

குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். அங்குள்ள வறண்ட காற்றில் இலை உலர்ந்து வெடிப்பதோடு, நேற்றைய சாம்பாரின் மணமும் அதில் ஏறிவிடும். ஸ்பானிய சிடார் பலகை பதித்த, இறுக மூடும் பெட்டியில், 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதமும் 18 முதல் 21 டிகிரி செல்சியஸ் வெப்பமும் நிலைத்திருக்குமாறு வைப்பதே முறை. ஈரப்பதத்தைவிட வெப்பமே சென்னையில் பெரிய கவலை என்பேன். 25 டிகிரியைத் தாண்டினால், இலைக்குள் உறங்கும் புகையிலை வண்டின் முட்டைகள் பொரிந்து, புழுக்கள் சுருட்டையே ஊசித்துளைகளாகக் குடைந்துவிடக்கூடும்.